இப்போதா, அப்புறமா? – ஒரு சின்னப் பெட்டியின் சரித்திரம்

கணினித் திரையின் வலது மூலையில் அவ்வப்போது ஒரு சின்னப் பெட்டி எட்டிப் பார்க்கும். பாதுகாப்பு அப்டேட் வந்திருக்கிறது, கணினியை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும், இப்போதா அப்புறமா என்று கேட்கும். நம்மில் பெரும்பாலோர் ‘அப்புறம்’ என்பதை அழுத்திவிட்டு வேலையைப் பார்ப்போம். அமெரிக்காவில் இருக்கும் பேத்தி வீடியோவில் பாடிக் காட்டிக்கொண்டிருக்கும்போது வேறு என்ன செய்ய முடியும்?

இந்தப் பெட்டிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. இரண்டு வெள்ளிக்கிழமைகள் அந்தச் சரித்திரத்தில் முக்கியமானவை: 2017 மே 12, 2024 ஜூலை 19. அவற்றைப் பற்றி எழுதுகிறவர்கள் ‘அப்புறம்’ என்று அழுத்தியவர்களைத்தான் வழக்கமாகக் குறை சொல்வார்கள். வங்கிக் கவுன்டருக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் எனக்கு அதில் சம்மதமில்லை. கேள்வி சரியான கேள்விதான். கேட்ட ஆள்தான் தப்பு.

ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

ஃப்ளாப்பி காலத்தில் இந்தக் கேள்வியே கிடையாது. 1986-ல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெயின்’தான் ஐபிஎம் பிசி வகைக் கணினிகளுக்கு வந்த முதல் வைரஸ் என்று சொல்வார்கள். அது குடியிருந்த இடம் ஃப்ளாப்பியின் முதல் பகுதி, அதாவது பூட் செக்டார். ஃப்ளாப்பியை டிரைவிலேயே மறந்து வைத்துவிட்டு மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டால், விண்டோஸோ டாஸோ எழுந்திருக்கும் முன்பே வைரஸ் எழுந்து உட்கார்ந்துவிடும். அந்த நாளில் வியாதி வந்த வழியே ரீபூட்தான். வைத்தியமும் அதுதான். கணினியை அணைத்து, எழுத முடியாதபடி ஸ்டிக்கர் ஒட்டிய சுத்தமான ஃப்ளாப்பியைப் போட்டு, அதிலிருந்து திரும்ப எழுப்ப வேண்டும். அதற்குப் பிறகுதான் ஆன்டிவைரஸை ஓட்டலாம்.

1992 மார்ச் 6 பலருக்கு நினைவிருக்கும். மைக்கேலாஞ்சலோவின் பிறந்த நாளில் கணினியை எழுப்பினால் ஹார்ட் டிஸ்க்கின் முன்பகுதியை அழித்துவிடும் ஒரு வைரஸைப் பற்றி உலகம் முழுக்கப் பத்திரிகைகள் எழுதின. கொடுக்கப்பட்ட ஆலோசனைகளில் ஒன்று, அன்றைக்குக் கணினியைத் தொடாதீர்கள் என்பது. இல்லாவிட்டால் 5-ம் தேதியே கணினியின் காலண்டரை 7-க்குத் தள்ளி வையுங்கள்! எமகண்டத்தில் வெளியே கிளம்பாமல் இருப்பது போலத்தான். சொன்ன அளவுக்குச் சேதம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஆன்டிவைரஸ் என்று ஒரு சாமான் கடையில் விற்கிறது என்பது சாதாரண ஜனங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1991-ல், சென்னையில் ஜெ. கேசவர்தனன் கே7 நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இன்று சோழிங்கநல்லூரில் இருக்கும் கம்பெனி. அவர்களுடைய எஞ்சின் ஜப்பானில் சோர்ஸ்நெக்ஸ்ட் என்ற நிறுவனம் விற்ற ஆன்டிவைரஸின் உள்ளே இருந்து ஏராளமான வீடுகளுக்குப் போயிருக்கிறது. நம் ஊர்ச் சரக்கு டோக்கியோவில் ஓடுவது நமக்கே அதிகம் தெரியாது.

விண்டோஸ் வந்த பிறகுதான் பெட்டி பிறந்தது. ஏன் ரீஸ்டார்ட் வேண்டும் என்று பலர் கேட்பதுண்டு. மயிலாப்பூர்க்காரர்களுக்கு இப்படிச் சொல்லலாம். சபாவில் கச்சேரி நடக்கிறது. மேடையில் விரித்த ஜமக்காளத்தில் ஒரு கிழிசல். அதை மாற்ற வேண்டும். பாடகர், வயலின், மிருதங்கம், தம்பூரா எல்லோரும் அதன்மேல் உட்கார்ந்திருக்கும்போது உருவ முடியுமா? ‘நாளைக் காலை கதவைத் திறந்ததும், யாரும் மேடை ஏறுவதற்கு முன் புதுசை விரித்துவிடு’ என்று வாட்ச்மேனிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம். விண்டோஸ் செய்வது ஏறக்குறைய இதுதான். யாரோ உபயோகித்துக்கொண்டிருக்கும் கோப்பை மாற்ற அது விடாது. ‘அடுத்த முறை எழும்போது இந்தப் பழையதை எடுத்துவிட்டு அந்தப் புதியதை வை’ என்று ஒரு பட்டியலில் குறித்து வைத்துக்கொள்ளும். வேறு எந்தப் புரோகிராமும் கண் விழிப்பதற்கு முன் பட்டியலில் இருப்பதைச் செய்து முடிக்கும்.

இதில் ஆன்டிவைரஸுக்கு இன்னொரு சிக்கல். அது வாசலில் டிக்கெட் கிழிக்கும் ஆள் மாதிரி மட்டும் இல்லை. திறக்கிற ஒவ்வொரு கோப்பையும் பார்க்க வேண்டுமானால் விண்டோஸின் கருவறைக்குள்ளேயே, கெர்னல் என்கிறார்களே அதற்குள், டிரைவராக உட்கார வேண்டும். மேடையைத் தாங்கும் தூண் மாதிரி. ஆள் இருக்கும்போது தூணை மாற்ற முடியாது. அதனால்தான் வேர்ட், எக்செல் போன்றவற்றைவிட ஆன்டிவைரஸ் அதிகமாக ரீஸ்டார்ட் கேட்டது. (இந்தத் தூணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.)

ரீஸ்டார்ட் அறிவிப்பு என்பதையே நம்மில் பலர் முதன்முதலாகப் பார்த்தது ஒரு வைரஸின் தயவால்தான். 2003 ஆகஸ்ட் 11 அன்று ‘பிளாஸ்டர்’ கிளம்பியது. இணையத்தில் இணைந்த எக்ஸ்பி கணினிகளில் திடீரென்று ஒரு பெட்டி, அதில் 60, 59, 58 என்று இறங்கும் எண். பூஜ்யம் வந்ததும் தானாக அணைந்து எழும். எழுந்ததும் மறுபடி 60. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் ஜூலை 16 அன்றே வெளியிட்டிருந்தது. இடையில் 26 நாள். ரன் பெட்டியில் ‘ஷட்டவுன்’ போட்டு ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, ‘ஏ’ என்று அடித்தால் எண்ணிக்கை நிற்கும் என்பது அந்த வாரம் ஆபீஸ்களில் மந்திர உபதேசம் போல ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போயிற்று.

மைக்ரோசாஃப்ட் அதே அக்டோபரில், மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை தோறும் பேட்ச்கள் என்று ஒரு ஒழுங்கு கொண்டுவந்தது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்குச் செவ்வாய் இரவு பத்தரை, குளிர்காலத்தில் பதினொன்றரை. ஆகவே நம் ஆபீஸ்களுக்குப் பெட்டி வந்து சேர்வது பெரும்பாலும் புதன் காலை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று நல்ல காரியங்களை நாம் ஒதுக்கி வைக்கும் நாள்! 2004 ஆகஸ்டில் எக்ஸ்பியின் இரண்டாவது சர்வீஸ் பேக் வந்தது. தானியங்கி அப்டேட்டைப் போட்டுக்கொள்ளச் சொல்லி அது வற்புறுத்தியது. ‘அப்புறம்’ என்று சொன்னால் பத்து நிமிஷத்தில் பெட்டி திரும்ப வந்து நின்றது. கடன்காரன்கூட மறுநாள்தான் வருவான்.

இப்போது கவுன்டருக்கு வருகிறேன். தி. நகரில் ஒரு வங்கிக் கிளை என்று வைத்துக்கொள்ளுங்கள், மாதத்தின் முதல் தேதி. பென்ஷன் வாங்க வந்தவர்கள் பாஸ்புக்கை நீட்டியபடி படி வரைக்கும் நிற்கிறார்கள். டோக்கன் எண் 47 ஓடுகிறது. பெட்டி வருகிறது. அந்தக் காலத்துக் கணினி அணைந்து எழப் பத்து நிமிஷம். பிறகு நெட்வொர்க் கிடைக்க வேண்டும், லாகின் பண்ண வேண்டும், பாஸ்புக் பிரிண்டர் எழுந்திருக்க வேண்டும். எதிரே 78 வயதுப் பாட்டி. அந்த குமாஸ்தா ‘இப்போதே’ என்று அழுத்தினால் அவரை யாராவது பாராட்டுவார்களா? ‘சிஸ்டம் டவுன்’ என்று சொன்ன மறு நிமிஷம் மேனேஜர் அறையில் புகார் போயிருக்கும். அவர் ‘அப்புறம்’ அழுத்தியது சோம்பலால் அல்ல. வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனாலும் கேள்வி அவரிடம்தான் வந்தது. அதுவும் ஆங்கிலத்தில், காரணம் சொல்லாமல். பெட்டிக்குப் பின்னால் இருப்பது ஒரு எழுத்துரு மாற்றமா அல்லது கொள்ளைக்காரன் நுழையும் ஓட்டையா என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

சாயங்காலமாவது அணைப்பார்களே என்றால், அதுவும் எல்லா இடத்திலும் இல்லை. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. சொல்லப்போனால், 2012-ல் சென்னையில் தினம் இரண்டு மணி நேர மின்வெட்டு இருந்ததே, யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து கணினிகள் விழுந்து எழுந்தபோதுதான் பல அப்டேட்கள் உள்ளே போய்ச் சேர்ந்திருக்கும் என்பது என் சந்தேகம்.

இந்தக் கேள்வியைக் கவுன்டரிலிருந்து எடுத்து, பொறுப்புள்ள ஒருவர் மேஜைக்குக் கொண்டுபோக ஒரு தனித் தொழிலே உருவானது. ஆபீஸில் ஒவ்வொரு மேஜையிலும் இருக்கும் கணினிக்கு அவர்கள் வைத்த பெயர் எண்ட்பாயிண்ட், அதாவது வலையின் கடைசி முனை. எல்லா முனைகளையும் ஒரே இடத்திலிருந்து ஆள்வதற்கான மென்பொருள்களில் உலக அளவில் பெயர் பெற்ற ஒன்று சென்னையில் எழுதப்பட்டது. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கி, வேளச்சேரியில் பல வருடம் இருந்து, 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் மேனேஜ்எஞ்சின் பிரிவு அதைச் செய்தது. டெஸ்க்டாப் சென்ட்ரல் என்ற பெயரில் வந்தது, 2022-ல் எண்ட்பாயிண்ட் சென்ட்ரல் ஆயிற்று.

இந்த வகை மென்பொருள்களில் ரீபூட்டுக்கென்றே ஒரு அத்தியாயம் உண்டு. உடனே அணைத்து எழுப்பலாமா, கேட்டுவிட்டா? எத்தனை தடவை தள்ளிப்போட விடலாம்? எந்தத் தேதிக்கு மேல் கேட்காமலே செய்யலாம்? ஆபீஸ் நேரம் முடிந்த பிறகுதானா? யாரும் லாகின் செய்யாதபோது மட்டுமா? சர்வர்களை விட்டுவிடலாமா? பெட்டியில் வரும் வாசகத்தைக்கூட நிர்வாகியே எழுதலாம். படிக்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஒரு ஆஸ்பத்திரியிலோ வங்கியிலோ யாருடைய வேலையை எப்போது நிறுத்தலாம் என்ற முடிவு இதில் இருக்கிறது. அதைப் பதினைந்து விநாடிக்குள் ஒரு குமாஸ்தா தீர்மானிக்காமல், முன்கூட்டியே யோசித்து ஒருவர் கையெழுத்துப் போடுவது போல ஆக்கியது பெரிய மாற்றம். ஒன்று மட்டும் எனக்குக் குறை. வாசகத்தை நிர்வாகியே எழுதலாம் என்றாலும், தமிழில் எழுதிய ஒரு பெட்டியை நான் எந்த ஆபீஸிலும் பார்த்ததில்லை.

ஆனால் இப்படி ஒழுங்கு செய்துகொண்டவர்கள் எல்லோரும் இல்லை. அது 2017 மே 12, வெள்ளிக்கிழமை தெரிந்தது. வான்னக்ரை. கோப்புகளைப் பூட்டிவிட்டு 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கேட்ட வைரஸ். ஓட்டையை அடைக்கும் பேட்ச் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. 59 நாள் அவகாசம் இருந்தது. பேட்ச்சே போடாதவர்கள் ஒரு பக்கம். போட்டாலும் ரீஸ்டார்ட் ஆகாத கணினிக்கு அது கிடையாது என்றுதான் அர்த்தம். மருந்துக் கடையிலிருந்து வாங்கி வந்து அலமாரியில் வைத்த மாத்திரை மாதிரி. அதனால் பிரஷர் இறங்காது.

இங்கிலாந்தின் அரசு மருத்துவ அமைப்பில் குறைந்தது 6,912 நோயாளிகளுக்குக் கொடுத்திருந்த தேதிகள் ரத்தானதாக அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் பின்னர் எழுதியது. புற்றுநோய்ச் சந்தேகத்தோடு டாக்டரைப் பார்க்க இருந்தவர்களும் அதில் உண்டு. நம் பக்கத்தில் கேரளத்தின் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்டப் பஞ்சாயத்து அலுவலகங்களிலும், ஆந்திரப் போலீஸ் கணினிகளிலும், திருமலை தேவஸ்தான அலுவலகக் கணினிகள் சிலவற்றிலும் புகுந்ததாகச் செய்தி வந்தது. ஏழுமலையான் ஆபீஸே தப்பவில்லை என்றால் நாம் எம்மாத்திரம்!

இதற்குள் மைக்ரோசாஃப்ட்டும் பொறுமை இழந்திருந்தது. 2015-ல் வந்த விண்டோஸ் 10-ல், வீட்டுக் கணினிகளுக்கு அப்டேட் வேண்டாம் என்று சொல்லும் உரிமையே ஏறக்குறைய போய்விட்டது. பாதி எழுதிய கடிதத்தை விழுங்கிக்கொண்டு கணினி தானாக எழுந்த கதைகள் நம் குடியிருப்புகளிலும் ஏராளம். திட்டு தாங்காமல் 2016-ல் ‘நான் வேலை செய்யும் நேரம் இது’ என்று குறித்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். முதலில் 12 மணி நேரம் வரை, பிறகு 18 வரை.

அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறது. 2024 ஜூலை 19. கிரௌட்ஸ்ட்ரைக் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருள் உலகின் பெரிய கம்பெனிகளில் இருந்தது. கெர்னலுக்குள் நின்ற தூண் என்று சொன்னேனே, அந்த வகை. புதுப் புது ஆபத்துகளை அடையாளம் காட்டும் சின்னச் சின்னக் கோப்புகளை அது அடிக்கடி அனுப்பும். அவற்றுக்கு ரீஸ்டார்ட் வேண்டாம், பெட்டி வராது, யாரையும் கேட்காது. வாடிக்கையாளருக்குத் தொந்தரவே இல்லை என்பது அதன் பெருமை. சில ஆபீஸ்களில் ஜாக்கிரதையாக, ‘புது வெர்ஷன் வேண்டாம், ஒரு படி பின்னால் உள்ளதே போதும்’ என்று நிர்வாகிகள் வைத்திருந்தார்கள். அந்த ஜாக்கிரதை இந்தச் சின்னக் கோப்புகளுக்குச் செல்லாது.

நம் நேரப்படி காலை 9.39-க்கு அப்படி ஒரு கோப்பு கிளம்பியது. 21 விவரங்களை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டுமே கொடுக்கப்பட்டன. இல்லாத 21-வதைத் தேடி மென்பொருள் தன் எல்லைக்கு வெளியே கை நீட்டியது. சாதாரணப் புரோகிராம் என்றால் அது மட்டும் விழுந்திருக்கும். தூண் விழுந்ததால் மேடையே விழுந்தது. நீலத் திரை. கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகும், எழுந்ததும் அதே கோப்பைப் படிக்கும், மறுபடி விழும். 10.57-க்குக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். 78 நிமிஷம்தான். அதற்குள் மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கணினிகள்.

அன்று உலகம் முழுவதும் 5,000-க்கு மேல் விமானங்கள் ரத்தாயின. மீனம்பாக்கம் உட்பட இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சின்னப் பையன்கள் அதைப் படம் எடுத்து அதிசயம் என்று போட்டார்கள். எழும்பூர் கவுன்டரில் அட்டை டிக்கெட் வாங்கிய நமக்கு என்ன அதிசயம்? வங்கிகளைப் பொறுத்தவரை, பத்து வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும்தான் சிறு தடங்கல் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. பழைய வங்கிக்காரனாக நான் மூச்சு விட்டேன்.

சரி செய்தது எப்படி என்பதைக் கேளுங்கள். ஒவ்வொரு கணினியாக ஆள் போய், சேஃப் மோடில் எழுப்பி, அந்த ஒரு கோப்பைக் கையால் அழிக்க வேண்டும். டிஸ்க் பூட்டியிருந்தால் அதற்கு 48 இலக்கச் சாவி வேறு. தொலைவில் மேகத்தில் ஓடும் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் சொன்ன வைத்தியத்தில் ஒன்று, திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்து பாருங்கள், பதினைந்து தடவை வரைகூட ஆகலாம் என்பது. கேலி இல்லை. எழுந்து விழுவதற்குள் கிடைக்கும் நொடிகளில் சரியான கோப்பு வந்து சேர்ந்துவிட்டால் பிழைத்தது.

இது முதல் தடவையும் இல்லை. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸ் ஒரு தப்பான அப்டேட்டினால் விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியக் கோப்பு ஒன்றையே வைரஸ் என்று நினைத்துத் தூக்கி எறிந்தது. அன்றும் கணினிகள் அணைந்து அணைந்து எழுந்தன. அப்போது மெக்காஃபியில் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரியாக இருந்தவர் ஜார்ஜ் கர்ட்ஸ். 2011-ல் கிரௌட்ஸ்ட்ரைக்கைத் தொடங்கியவர்களில் ஒருவரும், 2024-ல் அதன் தலைவராக இருந்து மன்னிப்புக் கேட்டவரும் அவரே.

கேட்டால் ‘அப்புறம்’ என்கிறார்கள் என்று கேட்காமலே செய்யப் போய் இது. என் கட்சி மாறவில்லை. கவுன்டர் குமாஸ்தாவைக் கேட்டிருக்க வேண்டாம். ஆனால் அந்த ஆபீஸின் பொறுப்பாளரைக் கேட்டிருக்க வேண்டும். முதலில் பத்துக் கணினிகளில் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்கு அனுப்புகிறேன் என்று அவர் சொல்ல ஒரு வழி வைத்திருக்க வேண்டும். விழுந்த பிறகு அந்த வழியைக் கொடுத்தார்கள். இப்போது அந்தச் சின்னக் கோப்புகளும் படிப்படியாகத்தான் போகின்றன.

மைக்ரோசாஃப்ட் தன் பங்குக்கு, ஆன்டிவைரஸ்களைக் கெர்னலுக்கு வெளியே கொண்டுவரும் வேலையைத் தொடங்கியிருக்கிறது. நீலத் திரையும் கறுப்பாகிவிட்டது. 2025 ஏப்ரல் முதல் பெரிய நிறுவனங்களுக்கான விண்டோஸ் 11-ல் ‘ஹாட்பேட்ச்’ என்று ஒன்று வந்திருக்கிறது. வித்வானை எழுப்பாமலே ஜமக்காளத்தை மாற்றும் வித்தை. பாதுகாப்பு அப்டேட்டுக்காக வருடத்துக்குப் பன்னிரண்டு ரீஸ்டார்ட் என்றிருந்தது நான்காகக் குறையும் என்கிறார்கள். நம் வீட்டுக் கணினிகளுக்கு அது இல்லை. நமக்குப் பழையபடி பெட்டிதான்.

அதுவும்கூட எல்லோருக்கும் வராது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு முடிந்தது. அடையாற்றில் என் நண்பர் ஒருவர், ‘அப்பாடா, இப்போதெல்லாம் அந்தப் பெட்டி தொந்தரவே இல்லை’ என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர் கணினியில்தான் பென்ஷன் கணக்கும், மின் கட்டணமும், எல்லா பாஸ்வேர்டும் இருக்கின்றன. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை இன்னும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். இந்தப் புதன்கிழமை அவர் வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்து கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் ஒரு ரீஸ்டார்ட் கேட்கும். அப்போது ‘அப்புறம்’ சொல்லாமல் இருக்க, காபியை அதற்குள் போட்டு வைக்கச் சொல்லிவிட்டேன்.